பாட்டில் மேல என் பேரு

சத்தமாப் பேசாதிய அண்ணாச்சி. நீங்க அந்தச் சன்னல் ஓரம் தள்ளி உக்காருங்க, நான் இந்தப் பக்கம் உங்க மறைவுல இருந்துக்கிடுதேன். காத்துக்குப் பயந்துல்லாம் இல்ல. முன்னாடி பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. மஞ்சச் சேலை கட்டி, தலையில முக்காடு போட்டு ஒரு பொம்பள இருக்காள்லா? பக்கத்துல நீலச் சட்டைக்காரன், மடியில ஒயர்கூடை வச்சிருக்கான்? அவ எம் பொஞ்சாதி. அவன் எம் மவன். நான் இந்தப் பஸ்ஸுல இருக்கது ரெண்டு பேருக்கும் தெரியாது.

சிரிக்காதிய. தலையில துண்டும் மூஞ்சியில மாஸ்க்கும் மாட்டியிருக்கேன்னு என்னைத் திருட்டுப்பயன்னு நெனச்சிராதிய. நான் சங்கரன்கோவில்ல ஏட்டா இருந்து ரிட்டயர்டு ஆனவன். பேரு வெயிலுமுத்து. எங்க ஏரியாவுல வேற எவனுக்கும் இந்தப் பேரு கிடையாது. என் பேருல பங்குக்கு வாறது இவ ஒருத்திதான். ஆதார்ல புருசன் பேரையும் சேத்து அடிச்சி விட்டுட்டானுவ. போன வருசம் பேங்குல "வெயிலுமுத்து"ன்னு ஒரு புள்ள கூப்பிட்டுது. நான் எந்திரிச்சு ஜம்முனு போனா, "நீங்க இல்ல ஐயா, முப்பிடாதி வெயிலுமுத்து, அந்தம்மாவை வரச் சொல்லுங்க"ங்கு. எனக்கு மானமே போச்சு.

சரி, விசயத்துக்கு வாறேன். எனக்குக் கேன்சர்.

ஐயோ பாவம்னு மூஞ்சிய வச்சிக்கிடாதிய, எனக்கு அதெல்லாம் பிடிக்காது. யாரும் என்கிட்ட சொல்லலை. நானாத் துப்பறிஞ்சு கண்டுபிடிச்சது. அந்தா இருக்காவளே ரெண்டு பேரு, அவங்கதான் நாலு மாசமா என்கிட்ட மறைக்காவ. மூணு வாரத்துக்கு ஒருக்க, மவ வீட்டுக்குப் போறோம், கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டு, திருநவேலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டரப் பாத்துட்டு வாராவ. என் உடம்பைப் பத்தி, என்னை வீட்டுல உக்கார வச்சிட்டு! இன்னைக்குக் கையும் களவுமாப் பிடிக்கப் போறேன். டாக்டர் ரூம்புக்குள்ள அவங்க போனதும் நானும் நுழைஞ்சு, "சொல்லுங்கய்யா, எனக்கு இன்னும் எத்தனை நாளு?"ன்னு கேக்கப் போறேன். கேட்டுட்டு அங்கனயே இவளையும் ரெண்டு கேள்வி கேக்கணும்.

ஆரம்பத்துல இருந்து சொல்லுதேன், நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. ஜங்ஷன் போறியளா? அப்போ நேரம் இருக்கு.

எனக்கு ஒண்ணுக்குப் போறதுல கோளாறு. ராத்திரி படுத்தா எந்திரிக்கதே சோலி. போய் நின்னா வராது, வந்து படுத்தா முட்டிக்கிட்டு நிக்கும். புராஸ்டேட்டு வீங்கியிருக்குன்னாவ. வயசான ஆம்பளைக்கெல்லாம் வாறதுதானாம். எஞ் சம்பந்தி நெல்லையப்பன்னு ஒருத்தரு, கோவில்பட்டியில பஸ் செக்கிங்கா இருந்தவரு, அவருக்கும் இதே பாடு. அவரு எனக்கு முந்தியே ஆபரேசன் பண்ணிட்டாரு. பழைய முறை. கம்பிய உள்ள விட்டு, கரண்டு வச்சு, வீங்குன சதையக் கொஞ்சங் கொஞ்சமாச் சீவி வெளிய எடுக்கது. எடுத்த சதைய ஒரு டப்பாவுல மருந்துத் தண்ணிய ஊத்திப் போட்டு, பேரு ஒட்டி, "இதை லேபுல குடுத்துட்டு வாங்க"ன்னு அவரு மவன் கையில, அதாவது எம் மருமவன் கையில குடுத்துட்டாவ. கேன்சர் எதுவும் ஒளிஞ்சிருக்கான்னு பாக்கதுக்கு. துருவுன தேங்கா கெணக்கா இருந்துச்சாம். அந்தப் பய ஒரு வாரம் சட்னியே தொடலைன்னு எம் மவ சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.

லேபுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாவ. வெறும் வீக்கந்தானாம். அன்னையில இருந்து சம்பந்தியப் பிடிக்க முடியலை. "என் சதைய பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துட்டாவ சம்பந்தி, நான் சுத்தம்"ங்காரு. தேர்தல்ல செயிச்ச மாதிரி பேச்சு.

எனக்கு ஆபரேசன்னு வந்ததும் எம் மவன் செந்தூர்பாண்டி சொன்னான், "யப்பா, நீங்க ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதிய. சீவி எடுத்தா ரத்தம் ரொம்பப் போவுமாம். உங்களுக்கு லேசர்தான் நல்லதுன்னு டாக்டர் சொல்லுதாரு"ன்னு. சரிலேன்னு போய்ப் படுத்தேன். பொய் சொல்லப்படாது, ஆபரேசன் நல்லாத்தான் இருந்துச்சு. ரத்தமே இல்ல. இன்னைக்கு வரைக்கும் குழாயத் தொறந்து விட்ட மாதிரிப் போவுது.

மறுநா டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாரு. நான் சும்மா இருக்காம, "சார், எடுத்த சதை எங்க?"ன்னு கேட்டேன்.

"எதுவும் எடுக்கலைங்க ஐயா. லேசர் பட்டதும் அது அப்படியே ஆவியாப் போயிரும்"ங்காரு.

"அப்போ லேபுல டெஸ்டு?"

"அனுப்பதுக்கு ஒண்ணும் மிஞ்சாது ஐயா. அதனாலதான் முன்னாடியே ரத்தம் பாத்தோம், ஸ்கேன் பாத்தோம், கைய வச்சும் பாத்தோம். சந்தேகப்படுற மாதிரி எதுவும் இல்ல. இனி அப்பப்ப ரத்தம் மட்டும் பாத்துக்கிடுவோம்."

இது என்ன கணக்கு அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் செத்துக் கிடக்கான். சந்தேகச் சாவு. போஸ்ட்மார்ட்டம் பண்ணாம நாங்க எரிக்க விடுவமா? எரிச்சிட்டா, அவன் விசம் குடிச்சானா, எவனும் கழுத்த நெரிச்சானான்னு பொறவு யாரு சொல்லுவா? சாட்சியே சாம்பலாப் போச்சுல்லா! என் சதைய எரிச்சிட்டாவ. சம்பந்திக்கு டப்பா நெறைய சாட்சி. எனக்குப் புகை.

அதோட விட்டிருந்தாக்கூட நான் விட்டிருப்பேன். வீட்டுக்குப் போகச் சொன்ன அன்னைக்குத்தான் கேஸே மாறிச்சு. இவ காலையிலயே, "இடுப்பு வலிக்கு, கீழ லேடி டாக்டரப் பாத்துட்டு வாறேன்"னு போனவ, ஆளக் காணோம். புருசன் ஆபரேசன் பண்ணிப் படுத்துக் கிடக்கான், இவளுக்கு அப்பத்தான் இடுப்பு வலி! நான் கக்கூஸுக்குப் போயிட்டு மெதுவாச் செவரப் பிடிச்சுக்கிட்டு வெளிய வாறேன், வராண்டாவுல எம் மவன் நிக்கான். கையில ஒரு சின்னப் பாட்டில். உள்ள தண்ணி. தண்ணிக்குள்ள வெள்ளையா நூலு நூலா என்னமோ மிதக்கு. பாட்டில்ல லேபிள் ஒட்டியிருக்கு. இங்கிலீசுலதான் அடிச்சிருந்துச்சு, ஆனா எனக்குப் படிக்கத் தெரியும்லா? வெயிலுமுத்து.

"என்னலே அது?"ன்னேன். பய அப்படியே பேண்டு பாக்கெட்டுல தள்ளிட்டான். "ஒண்ணும் இல்லப்பா, மருந்து"ங்கான். கண்ணு கலங்கியிருக்கு. எத்தனை களவாணிய நான் பாத்திருப்பேன்? மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன் அண்ணாச்சி.

இப்பச் சொல்லுங்க. சதை ஆவியாப் போச்சுன்னு டாக்டர் சொல்லுதாரு. அப்போ பாட்டிலுக்குள்ள என் பேருல கிடக்கது என்ன? சதை மிஞ்சியிருக்கு. அதுல என்னமோ பாத்திருக்காவ. என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னுட்டு லேபுக்குத் தூக்கிட்டுப் போறாவ. நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

பொறவு ஒவ்வொண்ணா வந்து மாட்டுது. பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும், மதியம் நான் தூங்குதேன்னு நெனச்சு அடுப்பங்கரையில ரெண்டு பேரும் பேசுதாவ. இவ சொல்லுதா, "அப்பாவுக்குத் தெரியவே கூடாதுடே. இப்பத்தான் ஆபரேசன் பண்ணிக் கெடக்காரு. ஏற்கெனவே நெஞ்சு வலிக்காரரு. தாங்க மாட்டாரு." அவன் விசும்புதான். இவ, "அழாதலே, சத்தம் கேக்கும்"ங்கா. நான் கண்ண மூடிக்கிட்டு அப்படியே கெடக்கேன். தலகாணி நனைஞ்சு போச்சு. ஆமா, அழுதேன். போலீஸ்காரன் அழக்கூடாதுன்னு இருக்கா?

மறுநா யாருக்கும் தெரியாம அந்த ஆஸ்பத்திரி லேபுக்கே போயிட்டேன். கவுண்டர்ல ஒரு புள்ள இருந்துச்சு. "எம்மா, வெயிலுமுத்துன்னு ஒரு பாட்டில் வந்துச்சே, ரிசல்ட்டு என்ன"ன்னேன். அது கம்ப்யூட்டரத் தட்டிப் பாத்துட்டு, "வெயிலுமுத்துன்னு ஆம்பளப் பேஷண்டு யாரும் இல்லையே சார்"ங்கு. நல்லாப் பாருன்னேன். "இல்ல சார், வேற யாரு ரிசல்ட்டும் வெளிய சொல்ல மாட்டோம்"னுட்டு. எனக்குப் புரிஞ்சு போச்சு. எம் மவன் முந்தியே வந்து சொல்லி வச்சிருக்கான். புள்ளைய நல்லாச் சரிக்கட்டியிருக்கான். அவளை நாலு ஏச்சு ஏசிட்டு வந்துட்டேன்.

அடுத்த மாசம் என்னைக் கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுத்தாவ. டாக்டர் சிரிச்சுக்கிட்டே, "அருமையா இருக்கு ஐயா, கவலையே படாதீங்க"ங்காரு. பாத்தியளா? அவரும் கூட்டு.

வீட்டுல கவனிப்பச் சொல்லணும். நெஞ்செலும்பு சூப்பு என்ன, முட்டை என்ன! சாகப் போறவனுக்குத்தான அப்படி ஊட்டுவாவ? இவ ஒண்ணும் திங்க மாட்டா. "வாயில ருசியே தெரியலை"ங்கா. கவலை. புருசன் போயிருவான்னு கவலை. ஆளு பாதியா இளைச்சிட்டா. மோந்து பாக்க எந்நேரமும் கையில ஒரு எலுமிச்சம்பழம். அந்தா, இப்பவும் வச்சிருக்கா பாருங்க.

ஒண்ணு சொல்லட்டுமா? இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஆபரேசனுக்குப் பொறவு இவ எனக்குப் பக்கத்துல படுக்க மாட்டேங்கா. உள் ரூம்புல போயிக் கதவச் சாத்திக்கிடுதா. கேட்டா, "உங்களுக்கு ரெஸ்டு வேணும்"ங்கா. எனக்கு ரெஸ்டா? கேன்சர் தொத்திக்கிடும்னு பயம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து, டூட்டி இல்லாத ராத்திரி ஒண்ணுலகூட நாங்க தனியாப் படுத்தது கிடையாது. அதுதான் அண்ணாச்சி எனக்கு ஆறவே மாட்டேங்கு. சாவுகூடப் பெருசில்ல.

போன மாசம் உச்சகட்டம். "திருச்செந்தூர் போயிட்டு வாறோம்"னுட்டு ரெண்டு பேரும் போனாவ. திரும்பி வரும்போது இவ தலையப் பாக்கேன், மொட்டை! இடுப்புக்குக் கீழ தொங்குற முடி அவளுக்கு. கல்யாணத்துல சடைக்கு மட்டும் ரெண்டு முழம் பூ பத்தலைன்னு எங்க அத்தை புலம்புனா. அப்படிப்பட்ட முடி. சந்தனத்தப் பூசிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கா.

எனக்கு வந்துச்சே கோவம். "ஏளா, யாருக்குடி நேந்த?"ன்னேன். சேலைத் தலைப்ப எடுத்துத் தலைய மூடுதா. "எனக்குத்தான? நான் சாகப் போறேன்னு ஊருக்கெல்லாம் தமுக்கடிச்சியாக்கும்? சொல்லு, எனக்குத்தான?"ன்னு கத்துதேன். மவன் குறுக்க வாறான், "யப்பா, சும்மா இருங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது"ங்கான். நீ தள்ளுலேன்னுட்டேன். இவள நிக்க வச்சு, தண்ணிகூடக் குடிக்க விடாம, திருப்பித் திருப்பி அதே கேள்வி. என் சர்வீஸ்ல நான் கேட்டு ஒத்துக்கிடாதவன் கிடையாது. கடைசியில அப்படியே தரையில உக்காந்து, "ஆமாங்க. உங்களுக்குத்தான் நேந்தேன். போதுமா?"ன்னா.

ஒத்துக்கிட்டா பாத்தியளா! பாட்டில் இருக்கு, சாட்சி இருக்கு, வாக்குமூலமும் இருக்கு. கேஸு முடிஞ்சுது. அன்னையில இருந்து நான் அவ கூடப் பேசுறதில்ல. சூப்பு வச்சாக் குடிப்பேன். பேச மாட்டேன்.

இன்னைக்குக் காலையில, "மவ வீட்டுக்குப் போயிட்டு வாறோம்"னு மவன் சொன்னான். நான் முந்திக்கிட்டு, "பேங்குக்குப் போறேன்"னு கெளம்பி, ஸ்டாண்டுலயே இந்தப் பஸ்ஸுல ஏறிட்டேன். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டாப்புல ரெண்டு பேரும் ஏறுனாவ. கணக்குத் தப்பல. பனவடலிசத்திரம் தாண்டும்போதே இவ அவன் தோள்ல சாஞ்சிட்டா. பாருங்க, மானூர் வந்தாச்சு, இன்னும் சாஞ்சேதான் இருக்கா. நான் சாகதுக்கு முன்னாலயே இப்படி ஒடஞ்சு போனா, செத்த பொறவு என்ன பண்ணப் போறாளோ, மூதி. கோவம் இருந்தாலும் அதையும் நெனைக்கத்தான செய்யுது மனசு.

என்ன கேட்டிய?

பாட்டிலோட அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் என்ன எழுதியிருந்துச்சுன்னா கேக்கிய?

அதை எப்படிப் பாக்க முடியும்? அந்தப் பக்கம் அவன் கையிலல்லா இருந்துச்சு. உருண்டைப் பாட்டில். லேபிள் சுத்தி ஒட்டியிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது கடைசிப் பாதி. அதான் என் பேரு இருந்துச்சே, அது போதாதா? என் பேருக்கு முன்னால என்ன இருக்கப் போவுது, இனிஷியல் இருக்கும், இல்லைன்னா...

இருங்க.

கொஞ்சம் பேசாம இருங்க அண்ணாச்சி.

பேங்குலயும் அந்தப் புள்ள மொதல்ல என் பேரத்தான் கூப்பிட்டுது.

ஆம்பளப் பேஷண்டு யாரும் இல்லைன்னு லேபுல சொன்னாளே. ஆம்பளைன்னு ஏன் சொன்னா? வெயிலுமுத்துன்னு பொம்பளை இருக்கு. அதனாலதான் ஆம்பளை இல்லைன்னு சொல்லியிருக்கா. நான் அவளப் போயித் திட்டிட்டு வந்தேன்.

கீழ லேடி டாக்டரப் பாக்கப் போனா. இடுப்பு வலின்னு.

அந்த முடி. உள் ரூம்புல கதவச் சாத்திக்கிட்டுப் படுத்தாளே, அது என் நோய்க்குப் பயந்து இல்ல. மருந்து ஏத்துனதுல தலகாணியெல்லாம் முடியாக் கொட்டிக் கெடந்திருக்கும். நான் பாத்திரக் கூடாதுன்னு படுத்திருக்கா. பொறவு, மிச்சம் இருந்ததையும் கொண்டு போயி முருகனுக்குக் குடுத்துட்டு வந்து நிக்கா. அவள நிக்க வச்சு நான்...

"உங்களுக்குத்தான்"னு சொன்னாளே. போட்டு இறுக்குனா எவனும் எதையும் ஒத்துக்கிடுவான்னு எனக்குத் தெரியாதா? நான் அப்படி ஒத்துக்கிட வச்சது எத்தனை பேரு. தெரிஞ்சேதான் கேட்டிருக்கேன்.

அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன், காறித் துப்பினாலும் துப்பிக்கிடுங்க. இப்ப, இந்தா ஒரு நிமிசம் முன்னால, எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? "அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு தோணுச்சு. ஒரு மூச்சு நிம்மதியா வந்துச்சு. கேன்சர் முப்பிடாதிக்குன்னு அதுக்குப் பொறவுதான் அண்ணாச்சி தோணுச்சு. நாலு மாசமா அவ என்னைய நெனச்சுக்கிட்டு இருந்தா. நானும் என்னையத்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். சீ, நான்லாம் ஒரு மனுசனா?

ராமையன்பட்டி தாண்டிட்டு. அடுத்தது ஆஸ்பத்திரி ஸ்டாப்புதான். அந்தா எந்திரிக்காவ. அவன் கூடையத் தூக்கிக்கிட்டான். எப்படித் தடுமாறுதா பாருங்க, கம்பியப் பிடிக்கக்கூடத் தெம்பு இல்ல. நான் இவ்வளவு நேரம் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். எனக்காக ஒடஞ்சு போயிருக்கான்னு நெனச்சேன்.

இல்ல, நான் டாக்டர் ரூம்புக்குள்ளல்லாம் போகலை. என்னத்தக் கேக்க? அவ முன்னால போயி நிக்கணும், அவ்வளவுதான். "எதுக்கு வந்திய"ன்னு கேப்பா. என்ன சொல்லுவேன்? உன்னையப் பிடிக்க வந்தேன்னா சொல்ல முடியும்? கொஞ்சம் காலை ஒதுக்குங்க அண்ணாச்சி, வழி விடுங்க. இந்தத் துண்டு வேண்டாம், இந்த மாஸ்க் கழுதையும் வேண்டாம். வழி விடுங்கம்மா, வழி விடுங்க.

கண்டக்டரே, விசில் அடிச்சிராதிய, ஆள் இறங்கணும்! ஏ முப்பிடாதி! ஏளா, இங்க பாரு, நான்தான்! பயப்படாத, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். படியில மெதுவாக் கால வை. எங் கையப் பிடி.